லைட் டூட்டி

சனிக்கிழமை கேம்பஸிலிருந்து ஓர் அதிகாரியம்மா வீட்டுக்கு வருகிறார் என்று ஜெகதீஸ்வரி சொன்னபோது மோகனராஜ் வாசலில் குந்தி பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை முடிந்து ஃபெரியில் தீவுக்கு வந்து, இறங்கியதிலிருந்து மழையிலேயே மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்திருந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் நின்றது. ஒரு காலைக் கழற்றியவர் மறுகாலில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா அதிகாரி?"

"காமினி படிக்கிற எடத்துல, ஒடம்புல கொறை உள்ள புள்ளைங்களுக்கு உதவி பண்றதுக்குன்னு ஒரு ஆபிஸ் இருக்காம். சலேஹான்னு பேரு."

"நம்ம புள்ளைக்கு ஒடம்புல என்னா கொறை?"

ஜெகதீஸ்வரி அடுப்புப் பக்கம் போய்விட்டாள். சார்டின் டின்னை உடைத்து மீனைக் கொதிக்கிற குழம்பில் போட்டாள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பகல் ஷிப்ட் முடித்து வந்தவள் சட்டையைக்கூட மாற்றவில்லை. நாள் முழுக்க லென்சில் குனிந்து பார்த்த கண் சிவந்திருந்தது.

"கேக்குறேன்ல. யார் கூப்பிட்டா அவுங்கள?"

"அவுங்களேதான் வாராங்க. ரெண்டு தடவ நம்மள வரச் சொன்னாங்க. நீங்க ஷிப்டு, நான் ஷிப்டு. அதனால நானே வீட்டுக்கு வாரேன்னு சொல்லிட்டாங்க."

"ரெண்டு தடவ கூப்பிட்டாங்களா? எனக்கு யாரும் சொல்லலியே."

அவள் குழம்பைக் கிளறினாள். மோகனராஜ் இரண்டாவது பூட்ஸையும் கழற்றி, தண்ணீரை கோரிடோரில் கொட்டி, பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்தார். அரசாங்கத்து ஆள் ஒருவர் வாங்குகிற சம்பளத்துக்கு மேல் மெனக்கெட்டு ஃபிளாட்டுக்குத் தேடி வருகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. அவர் இந்த வயதுவரை பார்த்ததில், வீடு தேடி வந்தவர்களில் நல்லது சொல்ல வந்தவர்கள் குறைவு.

உள் அறையில் காமினி முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மோகனராஜ் கதவோரம் நின்று லைட் சுவிட்சை ஒருமுறை தட்டினார். வெளிச்சம் போய் வந்ததும் அவள் திரும்பினாள். அந்த வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லைட்டைத் தட்டுவார்கள், தோளைத் தொடுவார்கள், இல்லையென்றால் எதிரே போய் நிற்பார்கள். நான்கு வயதில் வந்த காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு போனது. ஒரு காதில் பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மெஷின் இருந்தது. அதை முடியால் மூடியிருப்பாள். மறுகாதுக்கு மெஷின் வைத்தும் பயனில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

அதை அந்த வீட்டில் யாரும் குறை என்று சொன்னதில்லை. "கொஞ்சம் மெதுவாக் கேக்கும்" என்பார்கள். அவ்வளவுதான்.

"யாரும்மா ரிப்போர்ட் பண்ணது?" என்று மோகனராஜ் வாயை நன்றாகத் திறந்து கேட்டார். "அந்த ஷஹீதா பொண்ணா? ஒனக்கு நோட்டு குடுத்துக் குடுத்து அலுத்துப் போயிருச்சா அதுக்கு?"

"ஷஹீதா ஒண்ணும் பண்ணலப்பா." காமினி சத்தமாகத்தான் பேசுவாள். தன் குரல் தனக்கே சரியாக எட்டாது.

"அப்ப யாரு?"

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். பதில் சொல்ல விருப்பமில்லாதபோது அவள் செய்கிற காரியம் அது. முகத்தைத் திருப்பிவிட்டால் எதிராளி பேசிப் பயனில்லை.

இரண்டாம் ஆண்டு அவளுக்கு. பள்ளியில் முதல் பெஞ்சு, கரும்பலகை என்று சமாளித்தவள். கேம்பஸில் இருட்டு மண்டபம், திரையில் படம், விரிவுரையாளர் நடந்துகொண்டே பேசுகிறார். ஒலிபெருக்கியில் போடுவதைக் கேட்டுப் பதில் எழுதுகிற ஆங்கிலப் பரீட்சையில் காமினி தோற்றுப் போனாள். அடுத்த மாதம் மறுபரீட்சை. அதிலும் தோற்றால் படிப்பு அதோடு முடிந்தது. இது மோகனராஜுக்கும் தெரியும். பிள்ளை இன்னும் கொஞ்சம் முயன்று படித்தால் தேறிவிடும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

மறுநாள் காலை கப்பலிலிருந்து இரும்புக் குழாய் இறக்கினார்கள். மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. தகரத்தில் பட்ட வெயில் கண்ணைக் குத்தியது. மோகனராஜ் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிற ஹைருல் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பான். கப்பலின் அடிக்கிடங்கில் என்ன நடக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. கிடங்கு வாயின் விளிம்பில் நிற்கிற மோகனராஜின் கைதான் அவனுக்குக் கண். விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. ஒரு கைக்கு மேல் மறு கையைப் பிடித்துக் காட்டினால் மெல்ல. கையை நீட்டி உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து வீசினால் நிறுத்து. வாக்கி டாக்கி இருக்கிறது. ஆனால் எஞ்சின் இரைச்சலில் அதை நம்பி யாரும் கட்டுக்கடியில் நிற்க மாட்டார்கள்.

ஒரு கட்டு பாதி உயரம் வந்தபோது கீழே கட்டுக்கு ஸ்லிங் கயிறு மாட்டுகிற பங்களாதேஷ்காரன் கையை நீட்டி வீசினான். மோகனராஜ் எதையும் யோசிக்கவில்லை. அதே சிக்னலை மேலே காட்டினார். ஹைருல் நிறுத்தினான். ஸ்லிங் ஒருபக்கம் நழுவியிருந்தது. கிரேனுக்கு ஒரு சிக்னல்மேன்தான், மற்றவன் கையைப் பார்க்கக்கூடாது என்பது சட்டம். நிறுத்து என்பதற்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. நேற்று வேலைக்கு வந்தவன் காட்டினாலும் நிறுத்த வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கை பாஷையைத்தான் மோகனராஜ் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். சின்ன வயதில் அவள் கீழே விளையாடிக்கொண்டிருப்பாள். மற்ற பிள்ளைகளை அம்மாமார் தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள். மோகனராஜ் மேலே கோரிடோரில் நின்று, அவள் கண்ணில் படும்வரை காத்திருந்து, விரலைச் சுற்றிக் காட்டுவார். தூக்கு. அவள் மேலே வருவாள். வர வர அதில் வீட்டுச் சங்கதிகள் சேர்ந்தன. பசி, குளியல், விருந்தாளி, வாயை மூடு. கையோடு உதட்டையும் சத்தமில்லாமல் அசைப்பார். அப்பனும் மகளும் ஒரு கல்யாண மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிக்கொள்வார்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை.

வேலை முடிந்து ஃபெரிக்கு வந்தபோது ராமதாஸ் கார் நிறுத்துமிடத்துக் கூண்டருகில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்பு இருவரும் ஒரே கேங். இப்போது ராமதாஸ் அங்கே ஜாகா, காவல் வேலை. மோகனராஜ் இரண்டு பாக்கெட் தேத்தண்ணி வாங்கி ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"என்னா மோகன், மொகம் செத்துப் போயிருக்கு? ஜெகா சோறு போடலயா?"

"அதெல்லாம் போடுறா அண்ணே. இது வேற."

மோகனராஜ் விஷயத்தைச் சொன்னார். ராமதாஸ் ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். கால் மூட்டைத் தடவிக்கொண்டார்.

"என்னா குடுக்கப் போறாங்களாம்?"

"பரீட்சைக்குத் தனி ரூமாம், ஜெகா சொன்னா. ஒலிபெருக்கி இல்லாம ஒரு ஆளு எதிர உக்காந்து வாசிப்பாங்களாம். கிளாஸ்ல நோட்டு எழுத ஒரு ஆளாம். அதுக்கு ஒடம்புல கொறை உள்ளவங்க எடுக்குற ஓகேயூ கார்டு எடுக்கணுமாம்."

"தனி ரூமு," என்றார் ராமதாஸ்.

"ஆமா."

"எனக்கும் தனி ரூமு குடுத்தாங்க. மறந்துட்டியா? மூட்டு போனப்ப டாக்டர் லைட் டூட்டின்னு எழுதிக் குடுத்தான். பாஸ் எவ்ளோ நல்லாப் பேசுனான் தெரியுமா? தாஸ், நீ ஒண்ணும் தூக்காத, ஸ்டோர்ல உக்காருன்னான். நாற்காலி குடுத்தான். ஃபேன் குடுத்தான். நான்கூட கோயிலுக்குத் தேங்காய் ஒடச்சேன் லா, நல்ல பாஸ் கெடச்சாருன்னு."

"ஞாபகம் இருக்குண்ணே."

"நாற்காலி குடுத்தா என்னா அர்த்தம்? இவனால நிக்க முடியாதுன்னு அவுங்க எழுதியாச்சு. நீயும் கையெழுத்துப் போட்டாச்சு. பொறவு கான்ட்ராக்ட் முடியுறப்ப அந்தப் பேப்பரை எடுத்தான். நான் ஒண்ணும் சொல்லல, நீயே கேட்டு வாங்கிக்கிட்டதுதானேன்னான். ஒரு சத்தம் இல்ல, சண்ட இல்ல. வீட்டுக்குப் போன்னுட்டான்."

"கேம்பஸ்ல அப்படிப் பண்ணுவாங்களா?"

"எனக்கு என்னா லா தெரியும்? நான் எஸ்.ஆர்.பி. பரீட்சையிலயே பெயிலு. ஆனா, குடுக்குறவன் ஏன் குடுக்குறான்னு பாரு. அவ்ளோதான்."

ஃபெரி மணி அடித்தது. மோகனராஜ் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் பழுப்பாக இருந்தது. தீவின் உயரக் கட்டிடங்கள் மழைப் புகையில் பாதிதான் தெரிந்தன. நீயே கேட்டு வாங்கிக்கிட்டதுதானே. கடல் முழுக்க அந்த வார்த்தை அவரோடு வந்தது.

சனிக்கிழமை ஜெகதீஸ்வரி உளுந்து வடை சுட்டாள். கறி பஃப் வாங்க வேண்டாம், ஹலாலா என்று அவர்கள் யோசிப்பார்கள், வீட்டு வடை என்றால் சைவம் என்று தெரியும் என்றாள். மோகனராஜ் சவரம் செய்து, தீபாவளிச் சட்டையை எடுத்துப் போட்டார். பிறகு அதைக் கழற்றிவிட்டு வேலைச் சட்டையைப் போட்டார். நல்ல சட்டை போட்டால் இவர்களுக்கு உதவி எதற்கு என்பார்கள். கிழிந்ததைப் போட்டால் இவர்களுக்கு எதுவும் தெரியாது என்பார்கள். வேலைச் சட்டையில் கம்பெனி பெயர் இருந்தது. அது நல்லது.

சலேஹா தனியாக வந்தார். நாற்பது வயதிருக்கும். லிப்ட் பழுதாகிக் கிடந்ததால் படியேறி வந்து மூச்சு வாங்கினார். வாசலில் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மோகனராஜின் பூட்ஸைப் பார்த்து, "என்சிக், துறைமுகத்திலா வேலை?" என்று மலாயில் ஐயா போட்டுக் கேட்டார். எப்படித் தெரிந்தது என்று மோகனராஜுக்கு உடனே ஒரு சந்தேகம். சட்டையிலேயே எழுதியிருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வடையைச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். இரண்டாவதை எடுத்தது மோகனராஜுக்குப் பிடிக்கவில்லை. கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்கள்தான் இப்படிப் பழகுவார்கள்.

"காமினியின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ரொம்பப் பழசு," என்றார் சலேஹா. "பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எடுத்தது. புதிதாகக் காதைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அது மறுபரீட்சைக்கு அப்புறம்தான் வருகிறது. அதுவரைக்கும் தற்காலிகமாக ஏற்பாடு செய்ய எங்கள் யூனிட்டால் முடியும். நான் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்."

"பாக்குறதுன்னா?" மோகனராஜின் மலாய் துறைமுகத்து மலாய். கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒலிக்கும். "என்னா பாப்பீங்க?"

"பேசிப் பார்ப்பேன். எவ்வளவு கேட்கிறது, எவ்வளவு உதட்டைப் பார்த்துப் புரிகிறது என்று."

"கேக்கலன்னா?"

"கேட்கவில்லை என்று எழுதுவேன்."

எழுதுவேன் என்ற சொல் விழுந்ததும் மோகனராஜ் எழுந்துவிட்டார். போய் சலேஹாவின் முதுகுக்குப் பின்னால், அடுப்படி வாசலில் நிலையில் சாய்ந்து நின்றார். தண்ணீர் எடுக்கப் போனவர் போல இருந்தது. காமினிக்கு அவர் நேராகத் தெரிந்தார்.

சலேஹா ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார்.

"காமினி, காலையில் என்ன சாப்பிட்டாய்?"

காமினியின் கண் ஃபைலில் ஒரு கணம் நின்றது. பிறகு மேலே போனது. அப்பா கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார். உதடு காலைல என்று அசைந்தது.

"ரொட்டியும் முட்டையும்," என்றாள் காமினி.

"பஸ்ஸிலா கேம்பஸுக்கு வருகிறாய்?"

அப்பாவின் கைகள் பெரிய ஸ்டீரிங்கைத் திருப்பின.

"ஆமாம், பஸ்ஸில்தான். பஸ் தவறினால் அப்பா மோட்டாரில் கொண்டுவந்து விடுவார்."

"உன் தோழி பெயர் என்ன?"

இதற்கு மோகனராஜ் யோசிக்க வேண்டியிருந்தது. தலையில் துடோங், முக்காடு கட்டுவது போலக் காட்டி, எழுதுவது போலக் காட்டினார். காமினி ஷஹீதா என்றாள். நான்கைந்து கேள்வி இப்படிப் போயிற்று. ஜெகதீஸ்வரி வடைத் தட்டைப் பிடித்தபடி கணவனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் சலேஹா ஃபைலைக் கீழே வைத்து, "இவ்வளவு நன்றாகக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை," என்றார். அதில் கேலி இருந்ததா என்று மோகனராஜ் உற்றுக் கேட்டார். இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த அம்மா படியிறங்கும் சத்தம் அடங்கியது.

"பாத்தியா," என்றார் மோகனராஜ். "நல்லாக் கேக்குதுன்னு அவுங்க வாயாலயே சொல்லிட்டாங்க. இனி எவனும் பேப்பரைத் தூக்கிக்கிட்டு வர மாட்டான்."

காமினி அதே நாற்காலியில் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "நான் எதுக்குப்பா ஒங்களப் பாத்தேன்?" என்றாள். அவரிடம் கேட்டது போல இல்லை.

"என்னாம்மா?"

"அவுங்க வாய மூடுனதும் எனக்கு ஒண்ணும் கேக்கல. கேக்கலன்னு சொல்லணும்னுதான் ஒக்காந்தேன். ஆனா, கண்ணு தானா ஒங்க கிட்ட போயிருச்சு. சின்னதுல இருந்து அப்படித்தானே. நான் பதிலும் சொல்லிட்டேன்."

"நல்லதுதானே பண்ணுனே."

"நல்லதா? அவுங்கள வரச் சொன்னதே நாந்தான்ப்பா."

மோகனராஜ் மனைவியைப் பார்த்தார். ஜெகதீஸ்வரி வடைத் தட்டை மேசையில் வைத்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவ மனு எழுதுறப்ப நாந்தான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன்."

"இவ்ளோ நாளா வீட்டுக்குள்ளயே..." அவர் முடிக்கவில்லை. ஷஹீதாவை, மாடி வீட்டுக்காரியை, மனைவியின் தங்கையை என்று இந்த வாரம் முழுக்க ஒவ்வொருத்தராகச் சந்தேகப்பட்டிருந்தார். சொந்த வீட்டுக்குள் அவர் பார்க்கவில்லை.

"ராமதாஸ் அண்ணனுக்கு என்னா ஆச்சுன்னு ஒனக்குத் தெரியாதா ஜெகா? கேட்டு வாங்குனாரே. தெரியாதா?"

"தாஸண்ணன் மூட்டும் இவ காதும் ஒண்ணா?"

"பேப்பரு ஒண்ணுதான். முடியாதுன்னு நம்ம கையால எழுதிக் குடுத்துட்டா, அப்புறமா வேலைக்குப் போற எடத்துலயும் அதத்தான் பாப்பான். பொண்ணு பாக்க வர்றவனும் அதத்தான் பாப்பான்."

காமினி அவர்கள் உதடுகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிதான் பிடித்திருப்பாள். பிடித்தது போதுமானதாக இருந்தது.

"அப்பா, இங்க பாருங்க. எக்ஸாம் ஹால்ல வந்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்துல நின்னு ஒங்களால கை காட்ட முடியுமா?"

அவர் வடைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"முடியுமா?"

"ஏம்மா இப்படிக் கேக்குற?"

"முடியாதுல்ல. அப்ப நான் பெயில் ஆவேன். வெளிய அனுப்பிருவாங்க. கார்டு எடுத்தா அனுப்பிருவாங்களோன்னு நீங்க பயப்படுறீங்க. எடுக்கலன்னா கண்டிப்பா அனுப்பிருவாங்க."

அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் சுவிட்சைத் தட்டினார். இரண்டாவது முறையும் தட்டினார். அவள் திரும்பவில்லை. வெளிச்சம் போய் வருவது அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

நான்கு நாளில் சலேஹாவிடமிருந்து ஜெகதீஸ்வரிக்குச் செய்தி வந்தது. கிட்டத்தில் காமினிக்கு நன்றாகவே கேட்பதால் தற்காலிக ஏற்பாட்டுக்கு அவசியம் தெரியவில்லை, ஆஸ்பத்திரிச் சோதனை முடியட்டும் என்றிருந்தது. காமினி அன்றே சலேஹாவைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். மோகனராஜிடம் வந்து, "நீங்களும் வாங்க," என்றாள்.

"நான் எதுக்கு? நாந்தானே குத்தவாளி."

"நீங்க வந்து பாக்கணும்."

வர மாட்டேன் என்றார். திங்கட்கிழமை வேலையில் கை ஓடவில்லை. ஹைருல் மேலிருந்து ஹாரன் அடித்தான். சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்தவன், "அண்ணே, இன்னிக்கு ஒங்க கை எனக்குப் புரியல. தூக்கவா, வீட்டுக்குப் போகவா?" என்றான். துறைமுகத்தில் பழகிய தமிழ் அவனுக்கு. மோகனராஜ் சிரித்து வைத்தார். சாயங்காலம் மேற்பார்வை மண்டோரிடம் போய் மறுநாளைக்கு லீவு சொன்னார். பிள்ளையைத் தனியாக அந்த அறைக்குள் விட்டு, அவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று எப்படி இருப்பது? கூட இருந்தால் என்ன நடக்கிறதென்றாவது தெரியும்.

சலேஹாவின் அறை குளிராக இருந்தது. சுவரில் கை பாஷைப் படங்கள் ஒட்டியிருந்தன. விரலை இப்படி வைத்தால் இந்த எழுத்து என்று. மோகனராஜ் அதை ஓரக்கண்ணால் பார்த்தார். அதில் ஒன்றும் அவருக்குத் தெரிந்ததாக இல்லை.

"உட்காருங்கள், என்சிக்," என்று சலேஹா நாற்காலியைக் காட்டினார்.

மெத்தை வைத்த நாற்காலி. மோகனராஜ் அதைப் பார்த்தார். "பரவால்ல," என்றார். "நான் நின்னே பழக்கம்."

"எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?"

"முடியுற வரைக்கும்."

சலேஹா சிரித்தார், வற்புறுத்தவில்லை. சனிக்கிழமை நடந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மோகனராஜுக்குப் பதில் தயாராக இருந்தது. சொல்லாததால் அந்தப் பதிலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நின்ற இடம் மறுபடியும் சலேஹாவுக்குப் பின்னால்தான், ஜன்னலோரம். வேண்டுமென்று போகவில்லை. எங்கே நின்றால் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் என்பதைக் கால் தானாகப் பார்த்துக்கொண்டது.

சலேஹா ஃபைலை வாய்க்கு நேராகத் தூக்கினார்.

"காமினி, உன் வீட்டில் எத்தனை பேர்?"

மோகனராஜின் வலது கை இடுப்பிலிருந்து எழுந்தது. விரல்கள் விரியத் தொடங்கின. காமினி அவரைப் பார்த்தாள். பார்த்தபடியே தன் கையை மேசைக்கு மேலே நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து, இப்படியும் அப்படியும் வீசினாள்.

நிறுத்து.

அவர் கை அந்தரத்திலேயே நின்றது. சலேஹா திரும்பிப் பார்க்கவில்லை, காத்திருந்தார். மோகனராஜ் கையை மெல்ல இறக்கினார். இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

காமினி தலையைத் தாழ்த்தி மேசையைப் பார்த்தாள்.

"உன் வீட்டில் எத்தனை பேர், காமினி?"

பதில் இல்லை.

"உன் அப்பா பெயர் என்ன?"

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மோகனராஜுக்கு அது கேட்டது. காமினி அசையவில்லை.

"காமினி. உனக்குத் தண்ணீர் வேண்டுமா?"

இந்தத் தடவை ஏதோ சத்தம் எட்டியிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து ஃபைலைப் பார்த்து, இலேசாகத் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

மோகனராஜுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். கோயிலில் யாராவது பெரியவர்கள் பேச்சுக் கொடுத்தால் அவள் அப்படித்தான் சிரிப்பாள். பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பில் தலைமையாசிரியர் கைகுலுக்கி ஏதோ கேட்டபோது அப்படித்தான் சிரித்தாள். ஃபிளாட்டில் எல்லாரும் சொல்வார்கள், மோகன் மகள் அடக்கமான பொண்ணு, எதிர்த்துப் பேசாது, சிரிச்ச மொகம் என்று. அவரும் அப்படியே நம்பியிருந்தார். வேலை முடிந்து வந்து சோற்றில் கையை வைத்துக்கொண்டு குனிந்தபடி அவர் பேசிய இரவுகளிலும் அவள் எதிரே உட்கார்ந்து இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பைக்குள் விட்ட கைகளை அவர் வெளியே எடுக்கவில்லை.

சலேஹா இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். காமினி இன்னும் ஒருமுறை சிரித்தாள். பிறகு சலேஹா ஃபைலை இறக்கி எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, நாற்காலியைத் திருப்பி மோகனராஜைப் பார்த்தார்.

"என்சிக், மறுபரீட்சைக்குத் தனி அறை தருகிறோம். ஒருவர் எதிரில் உட்கார்ந்து வாசிப்பார். விரிவுரையில் நோட்டு எழுத..."

"ஒரு கேள்வி," என்றார் மோகனராஜ்.

"கேளுங்கள்."

"இதையெல்லாம் நீங்க குடுக்குறீங்க. நாங்க வாங்கிக்கிறோம். நாளைக்கு, நீயே முடியாதுன்னு சொல்லித்தானே வாங்கிக்கிட்ட, அதனால ஒனக்கு இங்க எடம் இல்லன்னு சொல்வீங்களா?"

சலேஹா பேனாவைக் கீழே வைத்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை என்று தெரிந்தது. "இல்லை," என்றார். "இதை வைத்து யாரையும் வெளியே அனுப்ப முடியாது. அப்படி யாராவது சொன்னால் முதலில் என்னிடம்தான் வர வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பரீட்சையில் அவள்தான் தேற வேண்டும், என்சிக். அதற்கு நான் உறுதி தர முடியாது."

கடைசியில் சொன்னது மோகனராஜுக்குக் கொஞ்சம் நம்பும்படி இருந்தது. ராமதாஸின் பாஸ் எல்லாவற்றுக்கும் உறுதி கொடுத்தவர்.

"எங்கிட்ட சொல்லாதீங்க," என்றார். "இப்ப சொன்னது ஒண்ணும் அவளுக்குக் கேட்டிருக்காது. நீங்க என்னையப் பாத்துத் திரும்பிட்டீங்க. அவ மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க. வெளிய அனுப்ப மாட்டோம்னு சொன்னீங்களே, அதையும்."

சலேஹாவின் முகம் சிவந்தது. "மன்னிக்கவும்," என்று காமினியின் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் இருங்க."

மோகனராஜ் ஜன்னலோரத்திலிருந்து வந்தார். அந்த மெத்தை நாற்காலியை இழுத்து மகளுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து அவர் கையைத் தூக்கினாலும் அவளுக்குத் தெரியாது. காமினி ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, சலேஹாவின் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். மெஷின் வெளியே தெரிந்தது.

சலேஹா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. காமினி அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோகனராஜும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் சொன்னதில் ஒரு வார்த்தை குறைகிறதா, எல்லாம் அவளிடம் போய்ப் பத்திரமாக இறங்குகிறதா என்று.